சேர் பொன்னம்பலம் அருணாசலம்: கூலிக்காரர் சிறை செல்லாத நாள்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நீளும் நமது கரையோரத்தில் வாழ்பவர் பலர் கைவேலையை நம்பியே வாழ்கின்றனர். பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் உப்பு வாருவோர், தென்னந்தோட்டங்களில் தேங்காய் பறிப்போரும் உரிப்போரும், முந்தல் பகுதியின் இறால் பண்ணைகளில் குளம் காப்போர், உடப்பில் கரைவலை இழுப்போர் என்று அவர்களின் பட்டியல் பெரிது. செய்த வேலைக்குச் சம்பளம் வராவிட்டால் இவர்களுள் ஒருவர் என்ன செய்வார்? வேலையை விட்டுவிட்டு வேறிடம் தேடுவார். வர வேண்டிய பணத்தைக் கேட்டுத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்வார். இதில் வியப்பு ஒன்றுமில்லை என்று மாணவர்கள் நினைக்கலாம்.

ஆனால் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையில் நிலைமை வேறாக இருந்தது. மாத ஒப்பந்தத்தில் வேலை செய்த கூலியாள் முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுச் சென்றால், அவர் குற்றவாளியாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். மூன்று மாதம் வரை சிறை அனுபவிக்க நேரிட்டது. இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தேசிய இயக்கத்தின் தலைவராக அவரைப் பாடநூல் வழியே நீங்கள் அறிவீர்கள். தொழிலாளருக்காக அவர் செய்த பணி பாடநூல்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகிறது. அதனையே இங்குச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். குடும்பத்தின் பூர்வீகம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். மூத்த சகோதரர்கள் குமாரசுவாமியும் இராமநாதனும் ஆவர். இராமநாதனே பின்னாளில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எனப் புகழ்பெற்றவர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவருக்கு மைத்துனர் முறையானவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம் என்பது இதிலிருந்து விளங்கும். கூலி கிடைக்காத கவலை அந்த வீட்டுப் படியை ஒருபோதும் மிதித்திராது.

இப்போது றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியில் கற்ற அருணாசலம், புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் பயின்றார். சட்டமும் கற்று பாரிஸ்டரானார். அங்கு அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் எட்வர்ட் கார்ப்பென்டர் என்பவரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மதகுருப் பதவியைத் துறந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே பொதுமக்களுக்கு விரிவுரை நிகழ்த்தச் சென்ற ஆங்கிலேயர் அவர். பின்னாளில் சமதர்மக் கொள்கையாளராக அறியப்பட்டவர். இருவரின் நட்பும் கடிதத் தொடர்பும் வாழ்நாள் முழுவதும் நீடித்தன. கார்ப்பென்டர் 1890இல் இலங்கைக்கு வந்து தமது நண்பருடன் பல நாள்களைக் கழித்தார். ஒருவர் மற்றவரிடமிருந்து எதைப் பெற்றார் என்று அளந்து கூற இயலாது. எனினும் உழைப்பவரைப் பற்றி ஏனைய கனவான்கள் பேசாத முறையில் அருணாசலம் பேசியதற்கு இந்த நட்பும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

அரச சேவை

1875இல் நடந்த போட்டிப் பரீட்சையில் சித்தியெய்தி, அவ்வழியாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் என்ற பெருமையை அருணாசலம் பெற்றார். இங்கே நமது மாவட்ட மாணவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1845ஆம் ஆண்டிலேயே சிவில் சேவையில் இடம் பெற்றவர். அவர் பெற்றது நியமனம். அருணாசலம் நுழைந்தது போட்டிப் பரீட்சையின் மூலம். விடை எழுதும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாட்டின் பல பாகங்களிலும் அவர் நீதித்துறைப் பதவிகளை வகித்தார். பின்னர் 1887ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், சேவையில் மூத்த பலரைத் தாண்டி, அவரைப் பதிவாளர் நாயகமாகப் பணியாற்றச் செய்தார். காணி உறுதிகளைப் பதியும் முறையும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் அவர் காலத்திலேயே சீர்பெற்றன. 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. நாட்டின் சனத்தொகை 35 இலட்சத்தைக் கடந்திருந்ததை அது காட்டியது. அந்த மதிப்பீடு பற்றிய அவரது அறிக்கை வெறும் எண்களின் தொகுப்பாக அமையாமல், மக்களின் மொழி, சமயம், தொழில், வரலாறு ஆகியவற்றைப் பேசும் நூலாகவே அமைந்தது. பின்னர் சட்டநிரூபண சபையிலும் சட்டநிர்வாக சபையிலும் அங்கம் வகித்து, 1913இல் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் கிடைத்தது.

அவரது நிலையில் இருந்த வேறொருவர் இதன்பின் ஓய்வூதியத்துடன் அமைதியாக இருந்திருப்பார். அருணாசலத்தின் பெரும்பணிகள் தமது 60ஆவது வயதுக்குப் பின்னரே தொடங்கின.

கூலியும் சட்டமும்

அக்காலத் தொழிலாளரின் நிலையை விளங்கிக்கொள்ளாமல் அவரது பணியின் அருமையை உணர முடியாது. எனவே இப்பகுதியை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தவர் பலர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்களும் பலர். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. ஊரில் கொடுத்த முற்பணம், பயணச் செலவு, அரிசிக் கடன் எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. அவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், அக்கடன் தொகை எழுதப்பட்ட சீட்டு ஒன்று தேவைப்பட்டது. அதுவே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தீராது. அது தோட்டம் மாறித் தொடரும்.

இக்கடனுக்கு மேலாகச் சம்பளமும் ஒழுங்காக வழங்கப்படவில்லை. பல மாதச் சம்பளத்தை நிலுவையில் வைப்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. பணமுடை ஒரு காரணம். நிலுவை இருக்கும் வரை ஆள் ஓடமாட்டான் என்ற கணக்கு மற்றொன்று. கோப்பிச் செடிகளை நோய் அழித்து, 1884இல் ஒறியன்டல் வங்கியும் முறிந்தபோது, தோட்ட முதலாளிகள் பலர் வங்குரோத்து அடைந்தனர். பல மாதம் உழைத்தவர்கள் வெறுங்கையுடன் நின்றனர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட ஒரு சட்டம், தோட்டத்தின் மீது ஏனைய கடன்காரருக்கு முன்னதாகத் தொழிலாளரின் கூலிக்கு உரிமை உண்டு என்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூலியை மாதக் கணக்கில் வைத்து, மாதம் முடிந்து 60 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என விதித்தது. ஒரு மாத உழைப்பின் பயனைப் பெற இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதே அன்று சீர்திருத்தமாகக் கருதப்பட்டது!

மறுபக்கத்தில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் இருந்தது. இது தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டு வேலைக்காரர், கூலியாள்கள், கைவினைஞர் என மாத ஒப்பந்தத்தில் வேலை செய்த யாவருக்கும் பொருந்தியது. ஆகவே நமது கரையோரத் தென்னந்தோட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு நின்றவரும் இதற்குள் அடங்கினார். முன்னறிவித்தல் இல்லாமல் விலகுவது, வேலைக்கு வராமலிருப்பது, கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்குச் சிறைத்தண்டனை விதிக்கலாம். வரவேண்டிய கூலியையும் அவர் இழக்க நேரிடும்.

சாதாரணமாக ஒப்பந்தத்தை மீறியவரிடம் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குத் தொடர்வதே முறை. கடையில் வாங்கிய பொருளுக்குப் பணம் கொடாத வியாபாரியைப் பொலிசார் பிடித்துச் செல்வதில்லை. கூலியாளின் ஒப்பந்தத்துக்கு மட்டும் குற்றவியல் தண்டனை சேர்க்கப்பட்டிருந்தது. முதலாளிக்கும் கடமைகள் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆனால் எழுத்தறிவற்ற, மொழி அறியாத, தோட்டத்தை விட்டு வெளியே வந்தாலே குற்றம் சாட்டப்படக்கூடிய ஒருவர் நீதிமன்றம் சென்று கூலி கேட்பது எப்படி? நிலுவைக் கூலியைக் கேட்கத் தோட்டத்தை விட்டு இறங்கியவரே கைதியாகும் நிலை இருந்தது. பெண்களும் சிறுவர்களும் கூட இத்தண்டனைக்கு விலக்காகவில்லை.

இத்தகைய வழக்குகள் விசாரிக்கப்பட்ட இடம் பொலிஸ் நீதிமன்றம். நீதித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அருணாசலத்துக்கு இச்சட்டத்தின் கொடுமையை வேறொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொழிலாளர் நலன்புரிச் சங்கம்

ஓய்வு பெற்றபின் 1915ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அவர் நிறுவினார். கொழும்பின் சேரிகளில் வாழ்ந்தோரின் வறுமை, நோய், கல்வியின்மை ஆகியவற்றுக்குப் பரிகாரம் தேடுவது இதன் நோக்கம். வேலை முடிந்து வருவோருக்கான இராப் பாடசாலைகளும் மருத்துவ உதவியும் இதன் பணிகளுள் அடங்கின. தொழிலாளருக்குத் தர்மம் செய்தால் போதாது, சட்டமும் மாற வேண்டும் என்ற எண்ணம் இப்பணிகளின் ஊடாகவே அவரிடம் வலுப்பெற்றிருக்க வேண்டும்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் மக்களை வாட்டின. கூலி உயரவில்லை. இச்சூழலில் 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் திகதி இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் உருவானது. அருணாசலம் தலைவர். செயலாளர் பெரி. சுந்தரம். இவர் தோட்டத் தொழிலாளர் சமூகத்திலிருந்து எழுந்து, கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பிய இளைஞர். கொழும்புக் கனவானும் மலையக இளைஞரும் ஒரே மேசையில் அமர்ந்தது அன்றைய இலங்கையில் சிறிய விடயமன்று.

தொழிற் சட்டத்திலுள்ள சிறைத்தண்டனைப் பிரிவுகளை நீக்குவதே சங்கத்தின் முதலாவது கோரிக்கை. இதற்காகக் கூட்டங்கள் நடத்தப்பட்டன; அரசாங்கத்துக்கு மனுக்கள் அனுப்பப்பட்டன; பத்திரிகைகளில் விடயம் எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு, 1920இல், இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் அருணாசலத்தின் தலைமையில் அமைந்தது. நகரத் தொழிலாளரும் ஒன்றுசேரத் தொடங்கிய காலம் அது.

தோட்ட உரிமையாளர் இலகுவில் இணங்கவில்லை. தண்டனை இல்லையேல் தொழிலாளர் ஓடிவிடுவர், முற்பணமாகக் கொடுத்த பணம் மூழ்கிவிடும் என்பது அவர்களின் வாதம். ஆயினும் காற்றுத் திசை மாறியிருந்தது. பீஜி முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை இந்தியாவில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து 1917இல் நிறுத்தப்பட்டிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமானால் இந்திய அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். சிறைத்தண்டனை உள்ள நாட்டுக்கு ஆள்களை அனுப்ப அவ்வரசாங்கம் தயங்கியது. எனவே இந்த வெற்றி அருணாசலம் ஒருவரால் கிடைத்தது என்று எழுதுவது சரியாகாது. உள்ளே அவரது சங்கம் கொடுத்த நெருக்குதலும் வெளியே இந்தியாவின் நெருக்குதலும் ஒருங்கே செயற்பட்டன. 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடுகளும் அகன்றன. வேலையை விட்டுச் சென்றவர் இனிக் குற்றவாளியல்லர்.

இதன் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். கூலி ஒரு சதமேனும் உயர்ந்ததா? உடனே உயரவில்லை. ஆனால் கூலி கொடாத தோட்டத்தை விட்டு விலகவும், விலகியபின் நிலுவையைக் கேட்கவும் முடியுமென்றால் மட்டுமே கூலிச் சட்டங்களுக்கு உயிர் உண்டு. அந்த வாசலே 1921இல் திறந்தது. அதன்பின் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்தியது. 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என அது அமைந்தது. அதே நேரம் வேலை செய்த பெண்ணுக்கு ஏன் 11 சதம் குறைவு என்பதற்கு அச்சட்டத்தில் விடை இல்லை.

அரசியற் பணியும் ஏமாற்றமும்

அரசியல் துறையில் அவரது பணியைச் சுருக்கமாகக் கூறுவோம். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் நமது அரசியல் தேவைகள் என்னும் பொருள் பற்றி அவர் ஆற்றிய உரை சுயாட்சிக் கோரிக்கைக்கு அடித்தளமிட்டது. அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் தோன்றியது. 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் முதலாவது தலைவராக அவரே தெரிவானார். தொழிலாளர் நலன்புரிச் சங்கமும் தேசிய காங்கிரசும் ஒரே ஆண்டில் பிறந்தவை. முன்னையது ஜூனில், பின்னையது டிசெம்பரில். பரீட்சையில் இவ்வரிசையை மாற்றி எழுதுவோர் பலர்.

மேல் மாகாணத் தமிழருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவதாகக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி நிறைவேற்றப்படாமையால் 1921இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார். சிங்களவரையும் தமிழரையும் இணைத்து வைத்தவர் மனம் கசந்து வெளியேறியது நாட்டின் வரலாற்றில் ஒரு துயரமான திருப்பம். பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்துக்கு 1906 முதல் அவர் தலைமை தாங்கியதன் பயனாக 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. திருவாசகத்தின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞரும் அவரே.

மறைவும் பின்னர் நிகழ்ந்தவையும்

இந்தியாவில் தலயாத்திரை மேற்கொண்டிருந்தபோது 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் அருணாசலம் காலமானார். அப்போது அவருக்கு வயது 70. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விடுதிகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தொடங்கிய தொழிலாளர் அமைப்புக்கள் மனுவையும் கூட்டத்தையும் நம்பியவை. வேலைநிறுத்தத்தைக் கருவியாகக் கொண்ட ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற் சங்கம் 1922இல் தோன்றி, 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியபோது, முதியவரின் முறை பழையதாகிவிட்டது. தோட்டப்புறத்தில் கோ. நடேசையரின் குரல் எழுந்தது. எனினும் நலன்புரிச் சங்கத்தின் செயலாளராயிருந்த பெரி. சுந்தரமே 1931இல் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். வேலையில் காயமுற்ற தொழிலாளருக்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் அவரது காலத்தில், 1934இல் நிறைவேறியது. 1935இல் தொழிற்சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தபோது, மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. 1889இல் 60 நாள். 1941இல் 10 நாள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஓராண்டு சேவையை நிறைவு செய்தவருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமய விடுமுறையையும் சம்பளத்துடன் வழங்கியது. உரிய வருடாந்த விடுமுறையை எடுக்காமல் வேலையை விட்டு விலகுபவர் அதற்கான பணத்தைக் கேட்கலாம். புத்தளம் நகரத்துக் கடை ஒன்றில் வேலை செய்து விலகும் இளைஞர்களுள் பலர் இதனை அறியாமலே வீடு திரும்புகின்றனர்.

முறைப்பாடு செய்வதற்குச் சட்டத்தரணி கட்டாயமன்று. வேலை செய்த இடம், வேலைக்குச் சேர்ந்த திகதி, விலகிய திகதி, பேசிய சம்பளம், கிடைக்காத மாதங்கள், எடுக்காத விடுமுறை நாள்கள் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதித் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கையளிக்கலாம். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி அட்டை, வரவு எழுதிய குறிப்பு எதுவாயினும் துணையாகும். தொழில் உத்தியோகத்தர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். கொடுக்க வேண்டியதென முடிவான தொகையை முதலாளி கொடாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். 1921க்கு முன்னர் கூலியாள் கைதியாக நின்ற கூண்டுக்கு இன்று சம்பளம் கொடாத முதலாளி அழைக்கப்படுகிறார்.